கடற்கரைக் கால் வெடிப்புக்கு வீட்டுக் களிம்பு: உச்சி வெயிலில் உருகாத அளவு என்ன?

பாசிக்கரை:

மண்டபம் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கும், வாலிநோக்கம் உப்பளத்தில் நிற்கிறவர்களுக்கும் சேர்த்து ஒரு குதிகால் களிம்பு காய்ச்சிப் பார்க்கிறோம். செய்த அளவு அப்படியே: தேன்மெழுகு 75 கிராம், தேங்காய் எண்ணெய் 300, விளக்கெண்ணெய் 75, வேப்பெண்ணெய் 50. ஆக 500 கிராம். இறக்கும்போது கற்றாழைச் சோறு அரைத்தது 4 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் 2 தேக்கரண்டி.

கோளாறு நாலு. காலையில் வெண்ணெய் மாதிரி இருக்கிறது பகல் 12 மணிக்குக் கூழாகி, டப்பாவைச் சாய்த்தால் ஒழுகுகிறது. அடியில் தண்ணீர் முத்து முத்தாகத் தேங்குகிறது. மஞ்சள் முழுக்க அடியில் மணல் மாதிரி படிந்துவிட்டது. பத்தாம் நாள் மூடியின் உட்புறம் கறுப்புப் புள்ளி. எதை, எவ்வளவு மாற்றணும் என்று கணக்கோடு சொல்லுங்க.

மெழுகுப்பதம்:

அக்கா, அந்த 500 கிராமையும் கொட்டிடுங்க. கறுப்புப் புள்ளி பூஞ்சை. மறுபடி உருக்கி வடிகட்டினால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பிளந்த தோலில் வைக்கிற பொருளில் அந்தச் சமாதானம் வேண்டாம்.

உருகுவதற்குக் காரணம் தேங்காய் எண்ணெய். அது 24, 25 டிகிரியிலேயே இளகிவிடும். நம்ம கரையில் மாசிக்கு அப்புறம் ராத்திரிகூட அந்தச் சூட்டுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால் தேங்காய் எண்ணெய் உறைந்து கெட்டித்தன்மை தரும் என்று நம்பவே கூடாது. இங்கே அது நல்லெண்ணெய் மாதிரி இன்னொரு திரவ எண்ணெய், அவ்வளவுதான். கெட்டி முழுவதும் தேன்மெழுகிலிருந்து வரணும். மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி. நீங்க போட்டது 15 விழுக்காடு, அது குளிர் ஊருக்கான அளவு.

சித்திரையிலிருந்து புரட்டாசி வரைக்கும் 22 விழுக்காடு வையுங்க. ஐப்பசி மழை தொடங்கித் தை முடிய 18 போதும். 25-ஐத் தாண்டினால் குச்சி மாதிரி இறுகும். வெடிப்பின் விளிம்பில் அழுத்தித் தேய்க்க வேண்டிவரும், வலிக்கும்.

500 கிராமுக்கு வெயில் கால அளவு: தேன்மெழுகு 110, நல்லெண்ணெய் 150, தேங்காய் எண்ணெய் 115, விளக்கெண்ணெய் 100, வேப்பெண்ணெய் 25. மழைக் காலத்துக்கு மெழுகை 90 ஆக்கி, குறைத்த 20-ஐத் தேங்காய் எண்ணெயில் கூட்டிக்குங்க. விளக்கெண்ணெய் பசைபோல ஒட்டி நிற்கும், கால்பங்குக்கு மேல் போனால் கடற்கரை மணல் எல்லாம் அதில் அப்பும். வேப்பெண்ணெய் 5 விழுக்காட்டுக்கு மேல் போனால் வாடைக்கே யாரும் தொடமாட்டார்கள், உங்க அளவில் அது 10.

எல்லாவற்றையும் தராசில் நிறுங்க. கரண்டிக் கணக்கு மெழுகுக்கு உதவாது. சீவின மெழுகு கரண்டியில் குவிவதும் கட்டி மெழுகு அடங்குவதும் வேற வேற. எண்ணெயை மில்லியில் அளக்கிறதா இருந்தால் 100 மில்லி தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ சுமார் 92 கிராம், விளக்கெண்ணெய் 96.

தொண்டி மருந்தாளுநர்:

மற்ற மூன்றில், அடியில் முத்து தேங்குவதற்கும் கறுப்புப் புள்ளிக்கும் வேர் ஒன்றுதான்: தண்ணீர். கற்றாழைச் சோற்றில் பெரும்பகுதி நீர். எண்ணெயும் மெழுகும் அதை ஏற்காது. சூடாக இருக்கும்போது கலந்த மாதிரி தெரியும், ஆறியதும் பிரிந்து அடிக்கு வரும். தேங்கிய நீரில் பூஞ்சை பிடிக்கும். பன்னீர், எலுமிச்சைச் சாறு, தேன், கிளிசரின் எதைச் சேர்த்தாலும் இதே கதி. கிளிசரினில் பூஞ்சை வராது, ஆனால் அதுவும் எண்ணெயில் கரையாமல் வியர்த்து வெளியே வரும்.

நீரையும் எண்ணெயையும் சேர்த்து நிறுத்த எமல்சிஃபையர் வேண்டும், கூடவே பூஞ்சைத் தடுப்பான் வேண்டும். தேன்மெழுகோடு வெண்காரம் சேர்த்தால் கிரீம் திரளும் என்பது உண்மைதான், பழைய கோல்டு கிரீம் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் வெடித்துத் திறந்திருக்கும் தோலில் வெண்காரம் வேண்டாம். வீட்டில் செய்வதைத் துளி நீரில்லாத களிம்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வைட்டமின் ஈ 400 கேப்ஸ்யூல் 100 கிராமுக்கு ஒன்று பிழிந்து விடலாம். அது எண்ணெய் காறிப்போவதைத் தள்ளிப்போடும். பூஞ்சையை அது தடுக்காது. கடையில் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

கீழக்கரை லாத்தா:

மஞ்சளை விடவேண்டாம், தூளா போடாம எண்ணெயில் இறக்குங்க. விரலி மஞ்சளை ஒண்ணிரண்டா இடிச்சு, 150 கிராம் நல்லெண்ணெய்க்கு 10 கிராம். பச்சை மஞ்சள் கிழங்கு வேண்டாம், அதுல ஈரம் இருக்கு. பாத்திரத்துக்குள்ள பாத்திரம் வச்சு, கீழ் பாத்திரத்துத் தண்ணி கொதிக்காம சின்ன முத்து மட்டும் எழும்புற சூட்டுல ஒரு மணி நேரம். அப்புறம் ராத்திரி முழுக்க மூடி வச்சுட்டு, மறுநாள் நாலா மடிச்ச பழைய வேட்டித் துணியில வடிகட்டுங்க. துணியை முறுக்கிப் பிழிஞ்சா தூள் இறங்கிடும், தானா சொட்டட்டும்.

மருதாணியோ வேப்பிலையோ போடுறதா இருந்தா நிழல்ல காயவச்சு, கையில நொறுங்குற பதத்துக்கு வந்த பிறகுதான். எண்ணெயில் ஈரம் இருக்கான்னு பார்க்க பருத்தித் திரியை நனைச்சுக் கொளுத்துங்க. படபடன்னு வெடிச்சா தண்ணி இருக்குன்னு அர்த்தம். சத்தமில்லாம அகல்ல எரியுற மாதிரி எரியணும். காய்ச்சின தைலத்துக்கு எல்லாம் இந்தச் சோதனைதான்.

மெழுகுப்பதம்:

லாத்தா சொன்ன திரிச் சோதனையை மெழுகுக்கும் செய்யணும். நாட்டுத் தேன்மெழுகை வாங்கி வெந்நீரில் உருக்கிச் சுத்தம் செய்கிறவர்கள் அங்கேதான் தவறுகிறார்கள். வெந்நீரில் போட்டு உருக்கி, துணியில் வடித்து ஆறவிட்டால் மேலே வட்டத் தட்டு மாதிரி மிதக்கும். அடிப்பக்கம் பழுப்பாக ஒரு படை ஒட்டியிருக்கும், அதைக் கத்தியால் சுரண்டி எறியணும். பிறகு ஒருநாள் காயவிட்டு, தனியாக உருக்கி, முத்து எழும்புவது நிற்கும்வரை வைக்கணும். அவசரப்பட்டால் அந்த ஈரம் நேரே களிம்புக்குள் போகும்.

கடையில் கிடைக்கிற மெழுகில் மெழுகுவர்த்தி மெழுகு கலப்படம் உண்டு. ஒரு துண்டை விரலுக்கிடையில் ரெண்டு நிமிஷம் பிசைந்து பாருங்க. தேன்மெழுகு இளகி, லேசாக ஒட்டி, இழுபடும். கலப்படம் வழுக்கிக்கொண்டு உதிரும். ஒடித்தால் தேன்மெழுகின் உட்புறம் சொரசொரப்பாகத் தெரியும். மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவர்களிடம் கட்டியாக வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு.

சேதுக்கரை:

அண்ணே, மெழுகு, எண்ணெய், வைட்டமின் எல்லாம் சரி. வெடிப்புல கைகண்ட மருந்து விளக்கெண்ணெயும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் தானே? ரெண்டையும் குழைச்சுத் தடவினா குழம்பு மாதிரி இறுகி வெடிப்பை அடைச்சிடும். நம்ம கரை முழுக்க அதுதான் பழக்கம். அதை ஏன் யாரும் சொல்லலை?

தொண்டி மருந்தாளுநர்:

தம்பி, அது ஏன் இறுகுகிறது என்று பாருங்கள். சுண்ணாம்பும் விளக்கெண்ணெயும் சேர்ந்து நீரில் கரையாத ஒருவகைச் சோப்பாக மாறுகிறது. பிளவை அடைக்கிறது என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் சுண்ணாம்பு எவ்வளவு பிடித்தது, எவ்வளவு மிஞ்சியது என்று கையால் குழைக்கும்போது தெரியாது. மிஞ்சிய சுண்ணாம்பின் காரத்தன்மை pH அளவில் 12-க்கு மேல். தோல் இருக்க வேண்டியது 5-ஐ ஒட்டி. ரத்தம் கசியும் வெடிப்பில் அது வைத்தால் எரிகிறதே, அந்த எரிச்சல் மருந்து வேலை செய்வதால் வருவதில்லை, தோல் வெந்து வருவது. பிளவின் விளிம்பு இன்னும் தடித்து வறண்டு, அடுத்த வெடிப்பு ஆழமாகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த எரிச்சலே தெரியாமல் புண்ணாகிவிடும், அதுதான் பெரிய ஆபத்து.

விளக்கெண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டு சுண்ணாம்பின் இடத்தில் தேன்மெழுகைப் போட்டால், அடைக்கும் வேலையும் நடக்கும், வேகவும் செய்யாது. மேலே சொன்ன அளவு அதைத்தான் செய்கிறது.

சேதுக்கரை:

சரிங்கய்யா, எரிச்சலுக்கு இதுதான் காரணம்னு தெரியாது. ஒத்துக்கிறேன். அப்போ வெந்நீரில் கல்லுப்பு போட்டு ஊறவைக்கிறது?

உப்புப்பாத்தி:

இதுக்கு நான் பதில் சொல்றேன். உப்பளத்துக் காலுக்குக் கல்லுப்புத் தண்ணி சொல்லவே கூடாது. உப்பு விளையும் பாத்தியில தண்ணி 25 டிகிரி காட்டும், சூடு இல்லை, உப்பின் அடர்த்தியை அளக்கிற போமே டிகிரி. கடல் தண்ணி மூணு, மூணரை. அந்தப் பாத்தியில காலையில 4 மணி நேரம் நின்ன கால்ல இருந்து உப்பு ஈரத்தை உறிஞ்சி முடிச்சிருக்கும். அந்தக் காலைத் திரும்ப உப்புத் தண்ணியில வைக்கிறது எதுக்கு?

செய்ய வேண்டியது, களிம்புக்கு முன்னாடி உப்பை இறக்குறது. கவனிச்சுப் பாருங்க, வெயிலில் காஞ்ச குதிகால் பிளவுக்குள்ள வெள்ளையா ஒரு கோடு நிற்கும். தோல் உரியுதுன்னு நினைப்பாங்க. நாக்கில வச்சா கரிக்கும், உப்பு அது. அதுக்கு மேல களிம்பைப் பூசினா உப்பை உள்ளே வச்சு மூடி முத்திரை போடுற மாதிரி. ராத்திரி முழுக்க அரிக்கும், காந்தும். களிம்பு ஒத்துக்கலைன்னு சொல்றவங்கள்ல பாதிப்பேருக்கு இதுதான் விஷயம்.

ஊர்க் கிணத்துத் தண்ணி கரிப்பா இருந்தா அதுல கழுவிப் பயனில்லை. சோப்பு நுரைக்காத தண்ணின்னா, சோப்பே திப்பியா தோலில் ஒட்டி இன்னும் வறட்டும். காவிரித் தண்ணியோ மழைத் தண்ணியோ ரெண்டு சொம்பு போதும். முதல் சொம்பை ஊத்தி விரலால பிளவு பிளவா நீவி விடணும். ரெண்டாவது சொம்பை அகலமான தட்டுல ஊத்தி, குதிகால் மட்டும் முங்குற மாதிரி 10 நிமிஷம். கை பொறுக்கிற சூடு போதும். 15 நிமிஷத்துக்கு மேல ஊறினா தோல் வெளுத்து உப்பி, காயும்போது இன்னும் கூடுதலா பிளக்கும்.

தொண்டி மருந்தாளுநர்:

உப்புப்பாத்தி சொன்னதுதான் இந்த இழையில் மிக முக்கியமான செய்தி. களிம்பு தோலுக்கு ஈரம் தருவதில்லை. இருக்கிற ஈரம் ஓடாமல் மூடிவைக்கிறது. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பி உண்டு, எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. அதனால் மூடி வெளியிலிருந்துதான் வரவேண்டும். வறண்ட காலில் பூசினால் வறட்சியைத்தான் மூடுவீர்கள். ஊறவைத்து எடுத்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, தோல் இன்னும் சில்லென்று இருக்கும்போதே, 3 நிமிஷத்துக்குள் பூசிவிட வேண்டும். ஒரு குதிகாலுக்கு ஒரு புளியங்கொட்டை அளவு போதும்.

விரலிடுக்கில் பூச வேண்டாம். அங்கே ஈரத்தால் சேற்றுப்புண் வரும், மூடினால் அதிகமாகும்.

பாம்பன் வல்லம்:

செத்த தோலை எடுக்காம பூசினா இறங்குமா? பாசிப் படுகையில ஒதுங்குற பவளக் கல்லை எடுத்துத் தேய்க்கிறவங்க இங்கே உண்டு.

உப்புப்பாத்தி:

வேண்டாம் காக்கா. பவளப்பாறை பாதுகாக்கப்பட்ட உயிரினம், செத்ததைக்கூட எடுப்பதும் வச்சிருப்பதும் சட்டப்படி குற்றம். காலுக்கும் நல்லதில்லை, அதன் முனை கண்ணாடித் துண்டு மாதிரி கீறும். கடையில விக்கிற நுரைக்கல், இல்லாட்டி முத்தின பீர்க்கங்காய் நார். ஊறின பிறகு ஒரே திசையில 10, 15 தடவை, வாரத்துக்கு ரெண்டு நாள். தினமும் தேய்ச்சா தோல் தன்னைக் காப்பாத்திக்க இன்னும் தடிக்கும். பிளேடு, கத்தி எதுவும் கிட்ட வரக்கூடாது. ரத்தம் கசியுற பிளவு இருந்தா அது மூடும்வரைக்கும் கல்லையும் தொடாதீங்க.

மெழுகுப்பதம்:

காய்ச்சும் முறை யாரும் இன்னும் முழுசா எழுதலை, அங்கேதான் பாதி தோற்கிறது.

அகலப் பாத்திரத்தில் நாலு விரல்கடை தண்ணீர், அதன் அடியில் ஒரு துணி மடித்துப் போட்டு அதன்மேல் சின்ன எவர்சில்வர் பாத்திரம். நேரடித் தீயில் வைக்காதீங்க. மெழுகு கருகினால் வாடை போகவே போகாது, அதிகச் சூட்டில் பற்றிக்கொள்ளவும் செய்யும். மெழுகைச் சீவிப் போட்டு முதலில் விளக்கெண்ணெயோடு மட்டும் உருக்குங்க. தெளிந்த பிறகு நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய். குளிர்ந்த எண்ணெயை ஒரே மூச்சாக ஊற்றினால் மெழுகு இழை இழையாக உறையும், பயப்பட வேண்டாம், சூட்டில் திரும்பக் கரையும். ஆனால் அந்த இழை ஒன்றுகூடக் கண்ணில் படாத வரைக்கும் இறக்கக் கூடாது. இறக்கினால் ஆறிய களிம்பில் ரவை ரவையாக நெருடும்.

இறக்கினதும் அடியை உடனே துணியால் துடைங்க. கீழ்ப் பாத்திரத்து நீர் சொட்டி உள்ளே போவது இங்கேதான். பிறகு ஒதுக்கி வைத்துப் பாத்திரத்தின் ஓரத்தையே பார்த்துக்கிட்டு இருங்க. தெளிந்த எண்ணெயும் பாத்திரச் சுவரும் சேருகிற இடத்தில் வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு விழும். அந்தக் கோடு விழுந்த நேரம்தான் வேப்பெண்ணெயும் வைட்டமின் ஈயும் ஊற்றுகிற நேரம். அதற்கு முன் ஊற்றினால் சூட்டில் வீணாகும், ரொம்பப் பிந்தினால் கலக்காது. ரெண்டு சுற்று கலக்கி உடனே டப்பாவில் ஊற்றணும்.

மெல்லிய பிளாஸ்டிக் டப்பா நெளிந்துவிடும். அகல வாய் தகர டப்பா சிறந்தது. ஊற்றினதும் மூடாதீங்க, மூடினால் ஆவி மூடியில் வியர்த்துச் சொட்டும். மெல்லிய துணி போர்த்தி, முழுக்க ஆறின பிறகு மூடி. ஷியா வெண்ணெய், கோகம் வெண்ணெய் சேர்க்கிறவர்கள் மட்டும் டப்பாவைக் குளிர்ந்த நீர்த் தட்டில் வைத்துச் சீக்கிரம் ஆறவிடுங்க. மெல்ல ஆறினால் அந்தக் கொழுப்பு மணல்மணலாகப் படிகம் கட்டும்.

தட்டுச் சோதனை: ஊற்றுவதற்கு முன் அரைக் கரண்டி எடுத்து எவர்சில்வர் தட்டில் விட்டு, பகல் 2 மணிக்கு நிழலில் அரை மணி வையுங்க. ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தால் எல்லாமே கெட்டியாகத்தான் தெரியும், அது ஏமாற்று. விரலால் அழுத்தினால் பள்ளம் விழணும், ஓரம் வழியக் கூடாது. வழிந்தால் அரைக் கிலோவுக்கு 10 கிராம் மெழுகு கூட்டித் திரும்ப உருக்குங்க.

பாம்பன் வல்லம்:

தண்ணி சேர்க்காத 15 விழுக்காடு களிம்பு ஒரு கிலோ இருக்கு, வாடை ஏதும் இல்லை. அதை எப்படி 22-க்குக் கொண்டு வர்றது? 70 கிராம் மெழுகு சேர்த்தா போதும்தானே?

மெழுகுப்பதம்:

போதாது. மெழுகு சேர்க்கும்போது மொத்த எடையும் கூடுதே. 150-க்கு மேல் 90 சேர்த்தால் 240, மொத்தம் 1090, அதுதான் 22. கிலோவுக்கு 90 என்று நினைவில் வையுங்க. எதிர்ப்பக்கம், 30 விழுக்காட்டில் கல்லாக இறுகிப்போன ஒரு கிலோவை இளக்க நல்லெண்ணெய் 365 கிராம் சேர்க்கணும்.

புன்னைநிழல்:

புன்னை எண்ணெயை விட்டுட்டீங்களே. கடற்கரையில் விளையும் மரத்து எண்ணெய், கரும்பச்சையாகக் கெட்டியாக இருக்கும். வேப்பெண்ணெயின் இடத்தில் அதே 25 கிராம் போடலாம். சிலருக்குத் தோல் தடிக்கும், அதனால் முழங்கையின் உட்பக்கம் ஒரு பொட்டு வைத்து ரெண்டு நாள் பார்த்துவிட்டுப் போடுங்க. இலுப்பை எண்ணெயும் நல்லது.

குங்கிலியம் பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. சித்த மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய் பழைய மருந்து. ஒரு பங்கு குங்கிலியத் தூளை நாலு பங்கு நல்லெண்ணெயில் சிறு தீயில் கரைத்து, துணியில் வடிகட்டி, அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் ஊற்றிக் கையால் அடித்துப் பிசைவது. தண்ணீரை மாற்றி மாற்றிப் பிசைய, பழுப்பு நிறம் போய் வெண்ணெய் போல வெளுத்துத் திரளும். குங்கிலியம் பிசின், தீப்பற்றும், பொங்கும். பாத்திரத்தில் கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. இதில் தண்ணீர் தங்கியிருப்பதால் தேன்மெழுகுக் களிம்பு மாதிரி மாதக்கணக்கில் வராது. கொஞ்சமாகச் செய்து உடனே தீர்த்துவிடணும். வேலை அதிகம், ஆனால் ஆழப் பிளந்த குதிகாலில் உறுத்தாமல் உட்காரும்.

கீழக்கரை லாத்தா:

ஒரு சந்தேகம். இவ்வளவு பாடு படறதுக்குக் கடையில பெட்ரோலியம் ஜெல்லி வாங்கித் தடவினா என்ன?

தொண்டி மருந்தாளுநர்:

தாராளமாகத் தடவலாம் லாத்தா. ஈரத்தைப் பூட்டும் வேலையில் அதை மிஞ்ச எதுவும் எளிதில் இல்லை. மணமில்லை, காறாது, ஒவ்வாமை அரிது. நம் வெயிலில் ஒழுகும் என்பது ஒன்றுதான் குறை. 85 கிராம் ஜெல்லிக்கு 15 கிராம் தேன்மெழுகு உருக்கிச் சேர்த்தால் அதுவும் நிற்கும். காய்ச்ச நேரமில்லாதவர்கள் அதையே செய்யுங்கள், குறையொன்றும் இல்லை.

தடித்து மஞ்சளாக இறுகிய குதிகாலுக்கு எந்தக் களிம்பும் தனியாகப் போதாது. யூரியா கலந்த கிரீம் மருந்துக்கடையில் கிடைக்கும், தினசரிக்கு 10 விழுக்காடு, மிகத் தடித்ததற்கு 20 முதல் 25. முதலில் அது, 10 நிமிஷம் கழித்து மேலே களிம்பு. ரத்தம் கசியும் பிளவில் யூரியா எரியும், தவிருங்கள். வயலுக்குப் போடும் யூரியாவை எண்ணெயில் கலப்பதாக ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அது மருந்துத் தரம் இல்லை, எண்ணெயில் கரையவும் கரையாது, படிகமாக நின்று கீறும்.

உப்புப்பாத்தி:

ரப்பர் பூட்ஸ் போடுறவங்களுக்கு ஒண்ணு. எந்த எண்ணெயும் ஜெல்லியும் ரப்பரை ஊறவச்சு இளக்கிடும். வேலைக்குப் போகும்போது பூசாதீங்க, ராத்திரி மட்டும். காலையில துடைச்சுட்டுப் பருத்தி காலுறை போட்டு பூட்ஸ். வல்லம்கிற படகுப் பலகையில எண்ணெய்க் காலோட ஏறுறது வழுக்கி விழுறதுக்குத்தான். பின்பக்கம் திறந்த ரப்பர் செருப்பில் குதிகால் சதை ரெண்டு பக்கமும் பிதுங்கி விரியும், அந்த விரிசல்தான் பிளவா மாறுது. பின்பட்டி வச்ச செருப்பு, களிம்பில் பாதி வேலையைச் செய்யும்.

முண்டு மிளகாய் பறிக்கிற சீசனில் கையை நல்லெண்ணெய் போட்டுத் தேய்ச்சு, அப்புறம் சோப்பில் கழுவிட்டுத்தான் வெடிப்பைத் தொடணும்.

பாசிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்வி. குழுவில் ரெண்டு பேருக்கு வெடிப்பு இல்லை, ஆனால் உள்ளங்கால் முழுக்க மாவு தூவின மாதிரி வெள்ளையாக உரிகிறது, அரிப்பும் உண்டு. அவர்களுக்கும் இதே களிம்பு கொடுக்கலாமா?

தொண்டி மருந்தாளுநர்:

கொடுக்க வேண்டாம். ரேகைகளில் மாவு படிந்த மாதிரி, பாதத்தின் பக்கவாட்டு வரை ஏறி, அரிப்போடு இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. களிம்பு அதைத் தீர்க்காது. தோல் மருத்துவரிடம் காட்டட்டும். நகமும் தடித்து நிறம் மாறியிருந்தால் அதையும் சொல்லட்டும்.

சர்க்கரை நோயாளிகள் கால் ஊறவைக்கும் தண்ணீரின் சூட்டைப் பாதத்தால் பார்க்காமல், இன்னொருவர் முழங்கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். வெடிப்பில் சீழ், கருமை, உணர்ச்சிக் குறைவு இருந்தால் களிம்பே வேண்டாம். திறந்த வெடிப்போடு கடலில் இறங்கிய பிறகு கால் சிவந்து, மணிக்கு மணி வீக்கம் ஏறி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி உண்டு, சர்க்கரையும் ஈரல் நோயும் உள்ளவர்களுக்கு அது வேகமாகப் பரவும். டெட்டனஸ் ஊசி போட்டு ஆண்டு பத்தாகியிருந்தால் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆழமான ஒற்றைப் பிளவுக்கு: கழுவி, முழுக்க உலர்த்தி, பிளவின் இரு கரையையும் விரலால் நெருக்கிப் பிடித்து, குறுக்கே மருந்துக்கடை பிளாஸ்டர் பட்டையை ஒட்டுங்கள். பிறகு சுற்றியுள்ள தோலில் மட்டும் களிம்பு. முதலில் களிம்பு பூசினால் பட்டை ஒட்டாது. பட்டையின் கீழ் சிவந்தாலோ நாறினாலோ உடனே எடுத்துவிட வேண்டும்.

குழுவுக்கு வெளியே விற்கும் எண்ணம் வந்தால், அழகுசாதனப் பொருள்கள் விதிகள், 2020-இன்படி உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும். வெடிப்பைக் குணப்படுத்தும் என்று லேபிளில் எழுதினால் அது மருந்துக் கணக்கில் வந்துவிடும்.

பாசிக்கரை:

விற்க இல்லைங்கய்யா. இன்னொன்று, ராத்திரி காலுறை போட்டால் இந்தப் புழுக்கத்தில் யாரும் தூங்கமாட்டேன் என்கிறார்கள். காய்ச்சின பாத்திரத்தில் மெழுகு ஒட்டிக்கொண்டு சோப்புக்கும் போகமாட்டேன் என்கிறது, அதுக்கும் வழி சொல்லுங்க.

கீழக்கரை லாத்தா:

காலுறை வேண்டாம்மா. பழைய வேட்டியை நாலு விரல் அகலத்துக்குக் கிழிச்சு, குதிகாலை மட்டும் ரெண்டு சுத்து சுத்திக் கட்டச் சொல்லுங்க, விரல் திறந்தே இருக்கட்டும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாசத்துல அதுவும் முடியாதுன்னா, பூசி அரை மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்துட்டு, மிச்சத்தைத் துணியில ஒத்தி எடுத்துட்டுப் படுக்கட்டும்.

பாத்திரத்தை ஆறவிடாதீங்க. சூடு இருக்கும்போதே செய்தித்தாளால் வழிச்சுத் துடைச்சுடுங்க, அந்தத் தாள் அடுப்புப் பத்தவைக்க ஆகும். அப்புறம் கொஞ்சம் அரிசித் தவிட்டைப் போட்டுத் தேய்ச்சா மிச்ச எண்ணெயை அது இழுத்துக்கும். அதுக்குப் பிறகு வெந்நீரும் சோப்பும். மெழுகுத் தண்ணியைச் சாக்கடைக் குழாயில ஊத்தாதீங்க, உள்ளே போய் உறைஞ்சு அடைச்சுக்கும்.